படலைத் திறந்தவனுக்கு

இளங்கோ,

ஆவணியில் உனக்குக் கல்யாணம். பூலாம்பாடியில் பெண் வீட்டார் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்கள். உன் மோதிர அளவு கேட்டு நச்சரிக்கிறார்கள். பெற்றவள் இந்த நேரத்தில் மகனுக்கு எழுத வேண்டியது வேறு. வருகிறவளிடம் எப்படிப் பேச வேண்டும், மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நல்ல வார்த்தை நாலு எழுதியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து போனில் நீ சொன்னது என்ன? "சித்தப்பன் ஜாமீன்ல வந்துட்டானாம்ல. டிக்கெட் போட்டுட்டேம்மா. மொதல்ல அவன வெட்டுறேன், அப்பறந்தான் தாலி கட்டுறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். உன்னோடு போனில் பேசுவது ஓடுகிற பஸ்சோடு பேசுவது மாதிரி. அதனால்தான் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். முழுதும் படிக்காமல் விமானம் ஏறாதே.

இதை நான் ஒளித்து எழுதவில்லை. உன் அப்பா எதிரில் கட்டிலில் படுத்திருக்கிறார். வலது கையில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் தோல் மடிந்து கிடக்கிறது. தோளில் தையல் போட்ட இடம் வெள்ளரிப்பழம் வெடித்தது போல இன்னும் சிவந்திருக்கிறது. இடது கையால் சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுகிறது. உனக்கு மட்டும்தான் ரத்தம் கொதிக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த அரிவாளைத் தூக்கியவரை நான் மனதுக்குள் எத்தனை முறை வெட்டிப் போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. சமையலறையில் பூசணிக்காயைப் பிளக்கும்போதுகூட வெட்டியிருக்கிறேன்.

எல்லாம் அந்தச் சோளத்தில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகு நிலம் உன் கைக்கு வரும் என்பதால் இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இதற்கு முந்தைய கோடையில் நம் மாடுகள் பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. மக்காச்சோளம் ஒடித்த பிறகு கொல்லையில் காய்ந்த தட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தத் தட்டையை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல நின்றன. அப்போதுதான் முடிவு செய்தேன். இந்த வருடம் தையில் கதிர் ஒடித்ததும் நிலத்தைச் சும்மா விடக் கூடாது, தண்ணீர் குறைவாகக் கேட்கிற தீவனச் சோளத்தை விதைத்து, அறுத்து, காயவைத்து, போர் போட்டுவிட வேண்டும். உன் அப்பா, "கெணத்துல இருக்கற தண்ணிக்கு இதெல்லாம் ஆவாது" என்றார். ஆகும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

ஆகத்தான் செய்தது. மாசியில் இரண்டு உழவு ஓட்டி, விதையை நெருக்கித் தூவினோம். நெருக்கி விதைத்தால் தண்டு மெலிதாக வரும், மாடு கழிக்காமல் தின்னும். கிணறு இறைத்த அளவுக்குத் தண்ணீர் காட்டினோம். பங்குனி வெயிலில் ஊரே மண்ணாய்க் கிடந்தபோது நம் கொல்லை மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சையாய் நின்றது. பூ எடுத்த பிறகு அறுத்தோம். அதற்கு முன்னால் அறுக்கக் கூடாது, இளம்பயிர் மாட்டுக்கு ஆகாது. அறுத்ததைப் பரப்பி, புரட்டிப் போட்டு, தண்டை ஒடித்தால் சடக்கென்று சத்தம் வரும்வரை காயவைத்தோம். இலையில் பச்சை போகவில்லை. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடித்துவிடும் என்று நான் அவசரப்படவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போர் எழுந்தபோது உனக்குப் போட்டோ அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? "என்னம்மா, கோபுரம் கட்டிட்ட" என்று கிண்டலடித்தாய். அன்று நான் பட்ட சந்தோஷம் உன் வேலைக்கு விசா வந்த அன்றுகூடப் படவில்லை.

ஆனால் அந்தப் பயிருக்காக நாங்கள் செய்த இன்னொரு காரியம் உனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. உன் அப்பாவும் செல்லதுரைச் சித்தப்பாவும் பாகம் பிரித்த நாளிலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. பயிர் நிற்கும்வரைதான் வரப்பு. கதிர் ஒடித்துவிட்டால் ஆடி விதைப்பு வரை இரண்டு பங்கும் ஒரே கொல்லை. அவர் மாடும் நம் மாடும் கலந்து மேயும். யாரும் ஓட்ட மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வருடம் அறுப்பு முடிந்தும் நம் பங்கில் பயிர் இருந்தது. வரப்பு நெடுக வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டோம். பொதுக் கிணற்றுக்குப் போகிற வழியில் மட்டும் ஒரு முள் படல் கட்டினோம். சித்தப்பா வந்து வரப்பில் நின்று அந்த முள்ளைப் பார்த்தார். "ஏண்ணே, எம் மாட்டுக்கு முள்ளு போட்டியா, எனக்கு முள்ளு போட்டியா?" என்று கேட்டார். உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நின்று நாலு வார்த்தை பேசியிருந்தால் போதும். நம் வீட்டு ஆண்களுக்கு அது மட்டும் வராது.

பயிர் முழங்கால் அளவு இருக்கும்போது அவர் வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று முள்ளுக்குள் நுழைந்து உள்ளே வந்தது. உன் அப்பா கையில் இருந்த கம்பை வீசினார். விரட்டுவதற்கு வீசவில்லை, நான் பார்த்தேன், ஆத்திரம் முழுவதையும் சேர்த்து வீசினார். முன்னங்கால் முறிந்து தொங்கியது. சித்தப்பா அந்தக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நம் வாசலில் கிடத்தினார். அது கத்திக்கொண்டே இருந்தது. "இந்தாண்ணே. ஒடிச்சது நீதான, நீயே ஆக்கித் தின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

போர் போட்ட பிறகு சித்திரையில் ஒரு மத்தியானம். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பாகு காய்ச்சுகிற வாசம் வந்தது. யார் வீட்டில் இந்த வெயிலில் பலகாரம் என்று யோசித்தேன். பிறகுதான் வெடிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப் போனால் போர் எரிகிறது. நுனியில் பிடித்து, அடிவரை இறங்கி, காற்று வீசும்போதெல்லாம் தட்டை தட்டையாகப் பறந்து கொட்டகைக் கூரையில் விழுகிறது. நான் சாக்கை நனைத்து அடித்தேன். முன்கை தோல் உரிந்தது தெரியவில்லை. மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்துக் கதறின. கயிறுகளை அறுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் சித்தப்பா வரப்பில் நிற்கிறார், ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. "நாந்தான் வச்சேன் அண்ணி. ஒடஞ்ச காலுக்கு" என்றார். இரண்டு மாத வெயிலும், என் முதுகும், கிணற்றுத் தண்ணீரும் சாம்பலாய்க் கிடந்தன. நான் மண்ணை வாரி அவர் முகத்தில் அடித்தேன். கெட்ட வார்த்தை எல்லாம் பேசினேன். கண்ணில் மண்ணோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். உன் அப்பா வேண்டாம் என்றார். உன்னிடம் பேசினார். இங்கேதான் நீ வருகிறாய், இளங்கோ. போனை வைத்துவிட்டு எழுந்து போகாதே, படி.

அறுத்த கட்டையிலிருந்து சோளம் மறுபடி துளிர்த்திருந்தது. கிணற்றில் மோட்டார் காற்றை இழுத்தது, மழையும் ஏமாற்றிவிட்டது. துளிர் முழங்கால் உயரத்தில் நின்று வாடி, இலை சுருண்டு, நுனி கருகிவிட்டது. அந்த நிலையில் இருக்கிற சோளம் நஞ்சு. நம் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். அறுத்து நன்றாகக் காயவைத்தால் தீவனம். வாடி நிற்கும்போது மாடு நாலு வாய் கடித்தால் மூச்சு நின்றுவிடும். மழை பெய்து தேறும்வரை அந்தப் பக்கம் மாட்டைக் காட்டக் கூடாது. நம் மாடுகளை நான் கொட்டகையை விட்டு அவிழ்க்கவே இல்லை. உனக்கும் இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

உன் அப்பாவுக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதை மறந்துவிட்டாய். நான் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தேன். உன் குரல் தெளிவாகக் கேட்டது. "முள்ளுப் படலத் தொறந்து போட்டுட்டு நீ பெரம்பலூர் பஸ் ஏறிடுப்பா. அவன் மாடு தானா வரும். கருகின சோளத்தத் தின்னா என்னா ஆவும்னு பாக்கட்டும். நம்மள யாரும் கேக்க முடியாது." பால் சொம்பை அப்படியே வைத்துவிட்டு வந்து கத்தினேன். உன் அப்பா, "கோவத்துல பேசறான்டி, சும்மா கெட" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன்.

மறுநாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பும்போது மலர்ச் சித்தி அலறுவது கேட்டது. கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். நம் கொல்லையில் அவர்களுடைய மயிலை மாடு ஏற்கெனவே செத்துக் கிடந்தது, வயிறு உப்பி, கால்கள் விறைத்து. சிவப்பி நின்றுகொண்டிருந்தாள். நான்கு காலையும் அகற்றி வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, காற்றைக் கடித்துக் கடித்து இழுத்தாள். நுரை மார்பில் வழிந்தது. பிறகு முன்னங்கால்கள் மடிந்தன. தலை பின்னால் முறுக்கிக்கொண்டது. விஷம் முறியட்டும் என்று மலர் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு வந்து அவள் வாயைப் பிடித்து ஊற்றப் பார்த்தாள். சிவப்பி தலையை உதறியதில் கொம்பு மலரின் தாடையைக் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட விடாமல் ஊற்றினாள். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். தோலுக்கு அடியில் சதை குதித்தது என் கையில் இன்னும் இருக்கிறது. மாட்டு டாக்டர் வண்டியை நிறுத்தும்போது எல்லாம் அடங்கிவிட்டது. பல்லிடுக்கில் சோள இலை மாட்டியிருந்தது.

சிவப்பி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் மாட்டின் வயிற்றில் கால் திரும்பிக் கிடந்த கன்று. நீ பன்னிரண்டாவது படிக்கிறபோது, நீயும் சித்தப்பாவும் முழங்கைவரை எண்ணெய் தடவிக்கொண்டு, ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்து எடுத்தீர்கள். உன் பள்ளிக்கூடச் சட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டாய். மூச்சு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சாணியில் புரண்டீர்கள். "இது எம் மவன் எடுத்த கன்னு" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். அதனால்தான் நான் அதை அவர் வீட்டுக்கே கொடுத்தேன். குவைத்தில் உட்கார்ந்துகொண்டு நீ கொன்றது அதைத்தான்.

கிணற்று வழியைப் பார்த்தேன். படல் வேப்பமரத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, கட்டுக்கயிறு சுருட்டி மேலே மாட்டியிருந்தது. காற்றில் விழுகிற படல் அப்படி நிற்காது. நான் பார்த்ததை எனக்குப் பின்னால் வந்த சித்தப்பாவும் பார்த்தார். வீட்டுக்குள் போனார்.

சாயங்காலம் உன் அப்பா பஸ்சை விட்டு இறங்கினார். சித்தப்பா டீக்கடை வாசலில் நின்றிருந்தார். "படலத் தொறந்து வுட்டியாண்ணே?" என்று கேட்டார். "காத்துல சாஞ்சிருக்கும்டா" என்றார் உன் அப்பா. சித்தப்பா அரிவாளைக் கழுத்துக்குத்தான் வீசினார். உன் அப்பா கையைக் குறுக்கே கொடுத்ததால் தலை தப்பியது. இரண்டு விரல்கள் டீக்கடைப் படியில் விழுந்தன. அடுத்த வெட்டு தோளில். மறுபடி ஓங்கியபோது மலர், தாடையில் கட்டிய துணியோடு ஓடிவந்து, அரிவாளின் அலகையே கையால் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்காவிட்டால் உனக்கு அப்பா இல்லை. உன் அப்பாவைக் காப்பாற்றியவள் அவள். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விரல்களை ஐஸ் பையில் போட்டுத் திருச்சிவரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒட்டவில்லை.

போலீசிடமும் உன் அப்பா காற்று என்றுதான் சொன்னார். ஊரே அவர் பக்கம். மாடு செத்த வெறியில் தம்பி அண்ணனை வெட்டிவிட்டான் என்று ரஞ்சன்குடிவரை பேச்சு. சித்தப்பா ஜெயிலுக்குப் போனார். மலர் தையல் போட்ட கையோடு தனியாகக் கிடந்தாள். சிவப்பியின் கன்று அன்று கொட்டகையில் கட்டியிருந்ததால் பிழைத்தது. தாயும் இல்லாமல், அதைப் பார்க்கிறவளுக்குக் கையும் இல்லாமல், அது இரண்டு நாள் கத்தியது. நான் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து நம் மாட்டின் பாலைக் கொடுத்து வளர்க்கிறேன்.

சித்தப்பா ஜாமீனில் வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். "படலத் தொறந்தது உங்க அண்ணந்தான் தம்பி. கோர்ட்டுலயும் இதத்தான் சொல்லுவேன்" என்றேன். மலர் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். தைத்த கையாலேயே அறைந்தாள். அவள் கையில் ரத்தம் கசிந்தது, என் காதில் இரைந்தது. மறுபடி அறைந்தாள். நான் நின்றேன். சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. "அண்ணன் தானா செய்யற ஆளு இல்ல அண்ணி. பய சொல்லிருப்பான்" என்றார்.

நான் உனக்காகப் பொய் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "ஆமா" என்றேன். "இப்ப உங்கள வெட்டத்தான் வரான்."

"வரட்டும்" என்றார். "ஓட மாட்டேன். கதவயும் சாத்த மாட்டேன்."

இதை எழுதும்போது உன் அப்பா கட்டிலிலிருந்து, "நாந்தான் தொறந்தேன்னு மட்டும் எழுது. அவன் சொன்னத எழுதாதடி" என்றார். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். கை போன பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? அவர் சொல்வதைக் கேட்க நான் தயாராக இல்லை. கல்யாணப் பெண்ணுக்கும் இதைச் சொல்லிவிடுவேன். தெரிந்து வருகிறவள் வரட்டும். உன் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைக்காதே. இருப்பதால்தான் இவ்வளவு கோபம். ஆட்டின் காலுக்குச் சோளப் போர், போருக்கு மாடு, மாட்டுக்கு விரல், விரலுக்கு ஒரு தலை என்று நீ நினைக்கிறாய். அந்தத் தலை விழுந்தால் பிறகு உன் தலைக்கு ஆள் வருவான். நான் அப்போது என்ன செய்வேன், உன் பிள்ளைக்கு அரிவாள் தீட்டிக் கொடுப்பேனா? வீட்டு வெட்டரிவாளைக் கிணற்றில் போட்டுவிட்டேன். தேடாதே. தீவனம் அறுக்கிற அரிவாள் ஒன்றுதான் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

போன வாரம் ஒரு மழை பெய்தது. கருகின துளிரை உழுது அடக்கிவிட்டுப் புதிதாகச் சோளம் விதைத்திருக்கிறேன். வரப்பு முள்ளை எல்லாம் எடுத்துவிட்டேன். முளைப்பு கிளம்பிவிட்டது. மலர் தன் மாட்டுக் கொட்டகையைக் காலியாகப் பெருக்கி வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வந்து அந்தப் பயிரைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

நேற்று சிவப்பியின் கன்றை ஓட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். அது தன் கொட்டகையைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டு ஓடியது. மலர் அதன் நெற்றியைத் தடவினாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கயிற்றை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீ குடுத்தா நான் வாங்க மாட்டேன் அக்கா. சொன்னவன் புடிச்சுக்கிட்டு வரட்டும்."

ஆகவே கன்று நம் கொட்டகையில்தான் நிற்கிறது. கயிறு புதிதாக மாற்றியிருக்கிறேன். ஊருக்கு வந்ததும் வீட்டுக்குள் நுழையாதே, பெட்டியைத் திண்ணையில் போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்கு வா. சித்தப்பா வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கும். அங்கே போகும்போது உன் கையில் அந்தக் கயிறு இருக்க வேண்டும், இளங்கோ. வேறு எது இருந்தாலும் அந்த வாசலில் உனக்கு முன்னால் நான் நிற்பேன்.

அம்மா